ஆப்பிள் விதையில் சயனைடு... பயப்பட வேண்டியது அதற்கா, மரவள்ளிக்கிழங்குக்கா?

"ஐயோ, பாப்பா ஆப்பிள் விதையை முழுங்கிட்டா... அதுல சயனைடு இருக்காமே!" குடும்ப வாட்ஸ்அப் குரூப்களில் அடிக்கடி எட்டிப் பார்க்கும் பதற்றம் இது. உண்மையில் எவ்வளவு பயப்பட வேண்டும்?

விதைக்குள் என்ன இருக்கிறது?

ஆப்பிள், பீச், ஆப்ரிகாட் விதைகளில் இருப்பது அமிக்டலின் என்ற வேதிப்பொருள். அதை உடைக்கும் என்சைமும் அதே விதைக்குள் தனியாக இருக்கிறது. விதையைக் கடித்து நொறுக்கினால்தான் இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு உருவாகும். தன்னைத் தின்ன வரும் பூச்சி, விலங்குகளை விரட்ட தாவரம் வைத்திருக்கும் ஆயுதம் இது.

அதனால், முழுதாக விழுங்கிய ஓரிரு ஆப்பிள் விதைகள் அப்படியே வெளியேறிவிடும். பதற வேண்டாம். ஆனால், மிக்ஸியில் ஜூஸ் அடிக்கும்போது விதைகளை நீக்கிவிடுங்கள்.

ஆப்ரிகாட் பருப்பு... உஷார்!

'வைட்டமின் பி17, புற்றுநோயைக் குணமாக்கும்' என்று இதைச் சிலர் விற்கிறார்கள். பி17 என்பது வைட்டமினே அல்ல, அதே அமிக்டலின்தான். புற்றுநோயைக் குணமாக்கும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. பெரியவர்களே ஒரே வேளையில் மூன்று சிறிய பச்சைப் பருப்புகளுக்கு மேல் சாப்பிட்டால் பாதுகாப்பான அளவைத் தாண்டலாம் என 2016-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தது. சின்னக் குழந்தைகளுக்கு ஒன்றே அதிகம்.

கிழங்கில்தான் கவனம் தேவை

மரவள்ளிக்கிழங்கில் இருப்பது லினமாரின். இனிப்பு ரகத்தில் குறைவு, கசப்பு ரகத்தில் அதிகம். 1981-ல் மொசாம்பிக் நாட்டின் நம்புலா மாகாணத்தில் கடும் வறட்சி. கசப்புக் கிழங்கை வாரக்கணக்கில் காயவைக்கப் பசி விடவில்லை. அவசரமாகச் சமைத்துச் சாப்பிட்டதில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கால்கள் செயலிழந்தன. அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 'கொன்சோ' எனப்படும் இந்தப் பாதிப்பு குணமாவதில்லை.

வீட்டில் என்ன செய்யலாம்?

* கிழங்கைப் பச்சையாகச் சாப்பிடவே வேண்டாம்.
* தோலை முழுதாகச் சீவி, சிறு துண்டுகளாக நறுக்கி, தண்ணீரில் ஊறவையுங்கள். பிறகு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.
* புதுத் தண்ணீர் நிறைய விட்டு, மூடாமல் நன்றாக வேகவையுங்கள். ஹைட்ரஜன் சயனைடு சுமார் 26 டிகிரியிலேயே ஆவியாகிவிடும்.
* வெந்த தண்ணீரை வடித்துவிடுங்கள். குழம்பில் சேர்க்க வேண்டாம்.
* கசக்கும் கிழங்கைத் தூக்கிப் போடுங்கள்.

சாப்பிட்ட பிறகு தலைசுற்றல், வாந்தி, மூச்சுத்திணறல் இருந்தால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பாட்டி கிழங்குத் தண்ணீரை வடித்துக் கொட்டியது சும்மா இல்லை!