கொட்டகையில் கட்டும் மின் பைக்: ஆர்.சி. புக்கிலிருந்து தொடங்குங்கள்

உருண்ட டேங்க், ஸ்போக் சக்கரம், ஒற்றை ஹெட்லைட். ராஜ்தூத், யெஸ்டி, பழைய புல்லட் வண்டிகளின் உருவத்துக்கு இன்றும் மவுசு குறையவில்லை. அந்த உருவத்தை வைத்துக்கொண்டு, என்ஜின் இருந்த இடத்தில் மின் மோட்டாரும் லித்தியம் பேட்டரியும் பொருத்தி, வீட்டுக் கொட்டகையிலேயே வண்டி கட்டும் ஆர்வம் பலருக்கு வந்திருக்கிறது. பாலிடெக்னிக் மாணவரும் செய்கிறார், ஓய்வுபெற்ற ஃபிட்டரும் செய்கிறார். சேசிஸ் சென்னை புதுப்பேட்டையிலோ உள்ளூர்க் காயலான் கடையிலோ கிடைத்துவிடும். மோட்டாரும் கன்ட்ரோலரும் கூரியரில் வந்து சேரும்.

இது நல்ல பொழுதுபோக்கு. சொந்தக் கையால் ஒன்றைச் செய்து ஓடவைக்கத் துணிகிறவர்களை ஊக்கப்படுத்த வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அந்த அக்கறையினால்தான் இதை எழுதுகிறேன். பலர் வேலையைத் தலைகீழ் வரிசையில் செய்கிறார்கள். மோட்டார் வாங்கி, பேட்டரி கட்டி, பெயின்ட் அடித்து, வண்டி ஓடவும் தொடங்கிய பிறகு, "நம்பர் பிளேட்டுக்கு என்ன செய்வது?" என்று கேட்கிறார்கள். அந்த நிலையில் பெரும்பாலும் வழி இருப்பதில்லை.

முதலில் உரிமையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஒரு மின் பைக்கைக் கட்டுவது குற்றமில்லை. வேலியிட்ட வளாகத்துக்குள் மட்டும் ஓடும்படி கட்டிய தனிவகை வண்டியை மோட்டார் வாகனச் சட்டம் தன் வரையறையிலிருந்தே விலக்குகிறது. மற்றபடி, பொது இடத்திலோ வேறு எந்த இடத்திலோ ஓட்டுவதற்கு 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு பதிவைக் கட்டாயமாக்குகிறது. 'பொது இடம்' என்பதையும் சட்டம் அகலமாகவே வரையறுக்கிறது. பொதுமக்கள் உரிமையோடு வந்துபோகும் எந்தத் தெருவும் சந்தும் திடலும் அதில் அடங்கும். இரவு 11 மணிக்கு ஆளில்லாத தெருவில் ஒரே ஒரு சுற்று என்றாலும் அது பொது இடம்தான். பதிவில்லாத வண்டியை 207-ஆம் பிரிவின்படி அங்கேயே பிடித்துவைக்கலாம். 192-ஆம் பிரிவின்படி முதல் முறைக்கு 5,000 ரூபாய் வரையும், மறுமுறைக்கு 10,000 ரூபாய் வரை அபராதமோ சிறையோ அல்லது இரண்டுமோ உண்டு.

சரி, பதிவு செய்துவிடலாமே என்றால், அங்கேதான் சிக்கல். புதிய வண்டியைப் பதிவு செய்யப் படிவம் 21, படிவம் 22 இரண்டும் வேண்டும். ஒன்று விற்பனைச் சான்று. மற்றொன்று, வண்டி சாலைக்குத் தகுதியானது என்று உற்பத்தியாளர் தரும் சான்று. அந்த உற்பத்தியாளர் தன் வண்டியின் மாதிரியைப் புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., சென்னையை அடுத்த ஒரகடத்திலுள்ள ஜி.ஏ.ஆர்.சி. போன்ற சோதனை நிறுவனங்களில் சோதித்து ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். இது ஆயிரக்கணக்கில் வண்டி செய்யும் தொழிற்சாலைக்காக வகுத்த நடைமுறை. ஒரே ஒரு வண்டி கட்டும் தனிமனிதர் இந்தக் காகிதங்களுக்கு எங்கே போவார்? சேசிஸ் முதல் எல்லாவற்றையும் தானே கட்டிய வண்டியைச் சாலையில் ஓட்ட இன்றைய நிலையில் நடைமுறை வழி கிடையாது. தோப்பு, கல்லூரி வளாகப் போட்டி, நிர்வாகம் அனுமதித்தால் பந்தய ஓடுதளம், இவைதான் அதற்கு இடம். அதை ஏற்றுக்கொண்டு கட்டினால் மனம் நோகாது.

சாலையில் ஓட்டியே ஆக வேண்டும் என்றால் இருக்கும் ஒரே வழி, ஏற்கெனவே பதிவான வண்டியை மாற்றுவது. 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் தந்த அமைப்பிலிருந்து ஆர்.சி.யிலுள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கும் இருக்கிறது: பேட்டரி உள்ளிட்ட வேறு எரிசக்திக்கு மாற்ற, விதிகளின்படி ஒப்புதல் பெற்ற மாற்றுக் கிட்டைப் பொருத்தலாம்.

'ஒப்புதல் பெற்ற' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒப்புதலை வாங்க வேண்டியவர் கிட் தயாரிப்பவர். அதைப் பொருத்த வேண்டியவர் அந்தத் தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற பட்டறைக்காரர். பிறகு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆய்வு முடிந்து, ஆர்.சி.யில் எரிபொருள் வகை மாறி, பச்சை நம்பர் பிளேட் வரும். எனவே விற்பவரிடம் சான்றின் நகலைக் கேளுங்கள். உங்கள் வண்டியின் மாடலும் உற்பத்தி ஆண்டும் அந்த ஒப்புதலுக்குள் வருகிறதா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள். ஏதோ ஒரு மாடலுக்கு வாங்கிய சான்றைக் காட்டி எல்லா வண்டிக்கும் செல்லும் என்பவர்களை நம்ப வேண்டாம். ஒப்புதல் இல்லாத பாகங்களைப் பொருத்தினால், 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

தாத்தா ஓட்டிய நிஜமான பழைய வண்டி கையில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவாகி 50 ஆண்டு கடந்த இருசக்கர வண்டிக்குப் பாரம்பரிய வண்டி என்ற தனிப்பதிவு கிடைக்கும், எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகளும் வரும். ஆனால் சேசிஸிலும் என்ஜினிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அந்த என்ஜினைக் கழற்றிக் காயலான் கடையில் போட்டுவிட்டு மோட்டார் பொருத்தினால் தகுதி போய்விடும். அப்படிப்பட்ட வண்டியைப் பழுதுபார்த்து அப்படியே வைத்திருங்கள். மின் பைக்குக்கு வேறொரு சேசிஸ் தேடுங்கள். தேடும்போது சேசிஸ் எண் ராவப்படாமல் இருக்கிறதா, ஆர்.சி. உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். திருட்டு வண்டியின் சேசிஸ் என்று தெரிந்தே வாங்குவது பாரதிய நியாய சம்ஹிதையின் 317-ஆம் பிரிவில் குற்றம். பில்லும் விற்றவரின் அடையாள நகலும் இல்லாமல் வாங்கினால், தெரியாது என்பதை நிரூபிக்கவே நீங்கள் அலைய வேண்டிவரும்.

"ஆர்.டி.ஓ. பதிவே வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம்" என்ற விளம்பரம் அடிக்கடி கண்ணில் படுகிறது. அந்த விலக்கு உண்மையிலேயே இருக்கிறது. மோட்டாரின் 30 நிமிட ஆற்றல் 250 வாட்டுக்குக் குறைவாகவும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும், பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவுக்கு மிகாமலும் இருக்க வேண்டும். இரும்பு டேங்கும் 3,000 வாட் மோட்டாரும் கொண்ட பைக் இதற்குள் எந்த வகையிலும் வராது. ஸ்டிக்கரில் 250 வாட் என்று ஒட்டுவதாலோ வேகத்தை ஒரு வயரால் கட்டுப்படுத்தி வைப்பதாலோ அது மாறிவிடாது.

காப்பீடு இல்லையென்றால்

அபராதத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். அது கட்டிவிட்டுப் போகக்கூடிய தொகை. குடும்பத்தையே சாய்த்துவிடக்கூடியது வேறொன்று. உங்கள் வண்டி ஒருவர் மீது மோதி அவர் இறந்தாலோ ஊனமானாலோ, மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அவர் வயதையும் வருமானத்தையும் அவரை நம்பியிருப்பவர்களையும் கணக்கிட்டு இழப்பீடு விதிக்கும். அது பல லட்சம் ஆகலாம். மூன்றாம் நபர் காப்பீடு இருந்தால் நிறுவனம் கொடுக்கும். பதிவில்லாத வண்டிக்குக் காப்பீடு கிடைக்காது. ஆகவே வீடும் நிலமும் ஈடாக நிற்கும்.

பெட்ரோல் வண்டியாக இருந்தபோது எடுத்த பாலிசி இருக்கிறதே என்று சிலர் ஆறுதல் கொள்கிறார்கள். மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால், உங்கள் வண்டிக்கு ஏற்பட்ட சேதத்துக்கான கோரிக்கையை மறுக்க நிறுவனத்துக்கு வலுவான காரணம் கிடைக்கிறது. மூன்றாம் நபருக்குக் கொடுத்ததையும், பாலிசி நிபந்தனை மீறல் என்று காட்டி உரிமையாளரிடம் திரும்ப வசூலிக்க நீதிமன்றங்கள் அனுமதித்த வழக்குகள் பல உண்டு. ஆர்.சி. திருத்தியதும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதி, பாலிசியிலும் மாற்றத்தைப் பதிய வையுங்கள்.

பத்தாம் வகுப்புப் பையன் ஆசையாகக் கேட்கிறான் என்று சாவியைக் கொடுக்கும் அப்பாக்களுக்கும் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி, சிறுவர் செய்த வாகனக் குற்றத்துக்குப் பெற்றோரோ உரிமையாளரோ மூன்று ஆண்டு வரை சிறைக்கும் 25,000 ரூபாய் அபராதத்துக்கும் ஆளாகலாம். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடைக்காது.

பேட்டரி

2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜில் போட்டிருந்த மின் வண்டியில் பிடித்த தீயின் புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் அவர் மகளும் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் செகந்திராபாத்தில், கீழே மின் வண்டிக் காட்சிக்கூடம் இருந்த கட்டடத்தின் தீயில் மேலே விடுதியில் தங்கியிருந்த எட்டுப் பேர் இறந்தார்கள். அந்த ஆண்டின் தீ விபத்துகளுக்குப் பிறகுதான் ஏ.ஐ.எஸ். 156 என்ற பேட்டரிப் பாதுகாப்புத் தரத்தை அரசு கடுமையாக்கி, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தொழிற்சாலைப் பேட்டரிக்கே இத்தனை கட்டுப்பாடு என்றால், கொட்டகையில் செல் செல்லாகப் பற்றவைத்துக் கட்டும் பேட்டரியை என்னவென்று சொல்வது?

ஒரு கணக்குப் பாருங்கள். 72 வோல்ட், 40 ஆம்பியர்-அவர் பேட்டரியில் ஏறத்தாழ மூன்று யூனிட் மின்சாரம் அடைபட்டிருக்கிறது. இருபது லித்தியம் செல்களை வரிசையாகக் கோத்த பேக், முழுதும் ஏறியதும் 84 வோல்ட் காட்டும். 60 வோல்ட் டி.சி.க்கு மேல் போனாலே உடலுக்கு ஆபத்தானது என்றுதான் மின் வாகனத் தரங்கள் வகைப்படுத்துகின்றன. டி.சி.யில் பொறி எழுந்தால் ஏ.சி.யைப் போல எளிதில் அணையாது. ஸ்பேனர் குறுக்கே விழுந்தால் உருகி ஒட்டிக்கொள்ளும். மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு உட்காருங்கள். பேட்டரியைக் கழற்றிய பின்னும் கன்ட்ரோலருக்குள் இருக்கும் கெபாசிட்டர் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். அதை வடித்த பிறகே கை வையுங்கள்.

பேட்டரியை நீங்களே கட்டாதீர்கள் என்பதுதான் என் தீர்மானமான கருத்து. சட்டகம், வயரிங், பெயின்ட் வேலைகளில் கைவண்ணத்தைக் காட்டுங்கள். பேட்டரியை மட்டும் சோதனைச் சான்றோடு வாங்குங்கள். பழைய லேப்டாப் செல்களைச் சேர்த்துக் கட்டுவது மலிவாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு செல்லும் ஒவ்வொரு வயதில் இருக்கும். பலவீனமான ஒன்று சூடேறினால் பக்கத்துச் செல்லையும் இழுத்துக்கொண்டு போகும். 18650 அளவு செல்லில் 9,900 மில்லி ஆம்பியர்-அவர் என்று அச்சிட்டு விற்கிறார்கள். அந்த அளவில் நல்ல செல்லே 3,500-க்குப் பக்கத்தில்தான் நிற்கும். அந்த அச்சைப் பார்த்ததுமே போலி என்று முடிவு செய்துவிடலாம். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை சற்று கனம் என்றாலும் எளிதில் கட்டுமீறிச் சூடேறாது. பொழுதுபோக்கு வண்டிக்கு அதுவே போதும்.

சார்ஜ் செய்வதை வாசலிலோ மாடிப்படிக்கு அடியிலோ வைக்காதீர்கள். தீப்பிடித்தால் வெளியே போகும் வழிதான் முதலில் அடைபடும். வெயிலில் ஓட்டிவந்த சூட்டோடு சார்ஜரை மாட்ட வேண்டாம். எல்லோரும் தூங்கும் நேரத்தில் சார்ஜ் போட வேண்டாம். 16 ஆம்பியர் பிளக் பாயின்ட், சரியான எர்த், மின்கசிவில் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மூன்றும் இல்லாத இடத்தில் தொடங்கவே வேண்டாம். வீட்டிலுள்ள மின் இணைப்பிலேயே வண்டியை சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறையின் வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த உரிமையைக் கேட்கும்போது, மேல் வீட்டில் தூங்குகிறவர்களையும் நினைக்க வேண்டும். தீ வந்துவிட்டால் அணைக்க நின்று பார்க்காமல் எல்லோரையும் வெளியேற்றி 112-ஐ அழையுங்கள். வீட்டுத் தீயணைப்பானின் பொடி சுடரை அடக்கும். செல்லுக்குள் நடக்கும் சூடேற்றத்தை நிறுத்தாது. அந்தப் புகையில் நுரையீரலை அரிக்கும் நச்சு வாயுவும் இருக்கிறது.

கவனத்துக்கு வராத வேறு சில ஆபத்துகளும் உண்டு. கன்ட்ரோலரை ஒளிக்கப் பழைய பெட்ரோல் டேங்கை அறுக்கப் போகிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்: ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடந்த டேங்கிலும் ஆவி தங்கியிருக்கும், வெல்டிங் பொறி பட்டால் வெடிக்கும். பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடித்துத் தூசி தட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். ஹப் மோட்டார் என்றால் அச்சைப் பிடித்துவைக்கும் டார்க் ஆர்ம் கட்டாயம். இல்லையேல் திடீர் முறுக்கில் அச்சே சுழன்று வயரை அறுத்துவிடும். அந்தக் காலத்து டிரம் பிரேக் அந்தக் காலத்து வேகத்துக்கு அமைந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

வாங்கிய பொருள் மோசம் என்றால் என்ன செய்வது? பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். பலனில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமே இல்லை, வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. ஆனால் இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பேட்டரி வெடித்துக் காயமோ சொத்துச் சேதமோ ஏற்பட்டால், 2019 நுகர்வோர் சட்டத்தின் பொருள் பொறுப்பு அத்தியாயத்தின்கீழ் தயாரிப்பாளரிடம் இழப்பீடு கேட்கலாம். வெளிநாட்டுத் தளத்தில் நேரடியாக வாங்கியதற்கு இந்த வழிகளெல்லாம் காகிதத்தில்தான் இருக்கும். உப்பிய, செத்த பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகள் அதைத் தனியே பிரித்துச் சேகரிப்பு மையத்திலோ மறுசுழற்சியாளரிடமோ ஒப்படைக்கும் கடமையை நம் மீது வைத்திருக்கின்றன.

அரசிடம் கேட்கவும் ஒன்று இருக்கிறது. பிரிட்டனில் ஒருவர் வீட்டில் கட்டிய ஒற்றை மோட்டார் சைக்கிளைக்கூட ஆய்வுக்குக் கொண்டுபோய்ப் பிரேக், விளக்கு, மின் இணைப்பு எல்லாவற்றையும் காட்டித் தனி வாகன ஒப்புதல் பெற்றுப் பதிவு செய்ய முடிகிறது. ஒரகடத்தில் சோதனைக்கூடம் இருக்கிறது, மாவட்டந்தோறும் மோட்டார் வாகன ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். தனிமனிதருக்குக் கட்டுப்படியாகும் கட்டணத்தில் அப்படி ஒரு வழியை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இங்கேயும் திறக்க வேண்டும். வழி இருந்தால் ஒளித்து ஓட்டுகிறவர்கள் குறைவார்கள். அதுவரை, மோட்டாருக்கு ஆர்டர் போடுவதற்கு முன் ஆர்.சி. புக்கை எடுத்துக்கொண்டு ஒருமுறை ஆர்.டி.ஓ. அலுவலகம் போய்வாருங்கள்.