முதுமையிற் பல்லிழப்பு: மாற்றுப் பற்களின் விலையும் பயனும்



பற்கள் விழுந்தபின் மாறுவது முகத்தோற்றம் என்றே பலரும் எண்ணுவர். அதனினும் முக்கியமாக மாறுவது உணவு. வீரமுனையிலோ கல்முனையிலோ வாழும் முதியவர் ஒருவர், பல்லில்லை என்பதற்காக இறைச்சியையும் கச்சானையும் பழங்களையும் ஒவ்வொன்றாக விலக்கி, ஈற்றிற் குழைந்த சோற்றோடு நின்றுவிடுகிறார். ஆதலின் மாற்றுப் பல் பற்றிய கேள்வி அவருடைய உடல்நலம் பற்றிய கேள்வியுமாகும்.

மாற்று முறைகள் மூன்று. முதலாவது, கழற்றி மாட்டும் பொய்ப்பற்கள். பெரும்பாலும் அக்ரிலிக்கினாற் செய்யப்படும் இவையே செலவிற் குறைந்தவை. ஆயினும் முழுத் தொகுதி அணிந்தவரின் கடிக்கும் வலிமை, இயற்கைப் பல்லின் வலிமையிற் காற்பங்கு அளவே. பல்லிழந்த தாடையெலும்பு ஆண்டுதோறும் தேய்வதால், இறுகப் பொருந்திய தொகுதியும் நாளடைவில் தளரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திருத்தவோ மாற்றவோ வேண்டும்.

இரண்டாவது, அயற்பற்களைப் பற்றி நிற்கும் 'பாலம்'. இது உறுதியானது; கழற்ற வேண்டியதில்லை. ஆனால் அதனைத் தாங்குவதற்காக, பழுதற்ற அயற்பற்களையும் அராவ நேரிடும். அந்த இழப்பும் விலையின் ஒரு பகுதியே.

மூன்றாவது, எலும்பிற் பதிக்கும் டைட்டேனிய ஆணி. சுவீடன் நாட்டு அறிஞர் பிரோனெமார்க், எலும்பு இவ்வுலோகத்தோடு இணைந்து வளர்வதைக் கண்டு, 1965ஆம் ஆண்டில் முதன்முதலாக ஒரு மனிதருக்கு இம்முறையிற் பல் பொருத்தினார். அயற்பற்களை இது தொடுவதில்லை. செலவோ பன்மடங்கு, எலும்பு பற்றிக்கொள்ளப் பொதுவாகச் சில மாதங்கள் செல்லும். முதுமை இதற்குத் தடையன்று. கட்டுப்படாத நீரிழிவும் புகைத்தலுமே பெருந்தடைகள்.

இவற்றுள் எதனைத் தெரிவது? வாயில் ஒரு பல் குறைந்தால் உடனே ஒரு பல் வைத்தாக வேண்டும் என்பதில்லை. கடைவாய்ப் பற்கள் சில இல்லாதபோதும், ஒன்றோடொன்று பொருந்தும் இருபது பற்கள் இருப்பின் பலரால் நன்கு மெல்ல முடியும். பற்கள் அனைத்தையும் இழந்தவருக்கு மிகுந்த தொல்லை தருவது கீழ்த்தாடைத் தொகுதியே. அது நாவசைவில் எழும்பும். அத்தகையோருக்கு, இரண்டு ஆணிகளை மட்டும் பதித்து, அவற்றின்மேற் கழற்றக்கூடிய தொகுதியைப் பூட்டுவது சிறந்த நடுவழி எனக் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் 2002ஆம் ஆண்டு கூடிய நிபுணர்கள் பரிந்துரைத்தனர். வாய் நிறைய ஆணிகள் பதிப்பதினும் இதற்குச் செலவு மிகக் குறைவு.

அதற்கும் பொருள் இல்லாதவர் மனந்தளர வேண்டாம். தகுந்த பல் வைத்தியர் அளவெடுத்துச் செய்த சாதாரணத் தொகுதியும் பெரும்பயன் தரும். இரவிற் கழற்றிக் கழுவி நீரில் இடுக. வெற்றிலை, பாக்கு, புகையிலை பழகிய வாயில் இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண் இருப்பின், அதனைப் பொய்ப்பல் உரசிய புண் என்று ஒதுக்காது உடனே வைத்தியரிடம் காட்டுக. அது புற்றுநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம்.

எஞ்சியுள்ள பல்லைக் காப்பதே யாவற்றிலும் மலிவான வழி. ஆட்டமில்லாத பல்லை, "எப்படியும் விழப்போவதுதானே" என்று பிடுங்குவிக்குமுன் அதனைக் காக்க வழியுண்டா என்று வைத்தியரைக் கேளுங்கள்.