வாசலைப் பூட்டினால் வெங்காயம் என்னாகும்?

வெங்காயத்தைப் பட்டறையில் போட்டு வைத்திருக்கும் விவசாயி தினமும் இரண்டைப் பார்க்கிறார். ஒன்று வானம், மற்றொன்று மண்டி விலை. அவருடைய வருமானத்தைத் தீர்மானிக்கும் மூன்றாவது ஒன்றும் உண்டு. அது நாட்டின் எல்லை வாசல். அது திறந்திருந்தால் ஒரு விலை. பூட்டினால் வேறு விலை.

இந்திய வெங்காயத்தைப் பல ஆண்டுகளாக அதிகம் வாங்கி வந்த நாடுகளில் வங்கதேசம் முக்கியமானது. மகாராஷ்டிரத்தின் நாசிக் பகுதியில் ஏலம் போகும் வெங்காயம், மேற்கு வங்கத்தின் பெட்ராபோல் போன்ற எல்லைச் சாவடிகள் வழியே லாரிகளில் அங்கு செல்லும். வங்கதேசத்திலும் பப்னா, பரீத்பூர் மாவட்டங்களில் வெங்காயம் நன்கு விளைகிறது. ஆனால் அந்த அறுவடை முடிந்து ஆறு மாதம் ஆனால் இருப்பு குறைந்து, அழுகலும் மிகுந்துவிடும். அப்போது இந்திய வெங்காயம் கைகொடுக்கும்.

சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. செப்டம்பர் முதல் நவம்பர் வரை இந்தியாவிலும் வெங்காயம் தட்டுப்படும் காலமே. கோடை அறுவடையின் இருப்பு தீர்ந்து வரும். புதிய வெங்காயத்தை மழை கெடுக்கும். இரண்டு வீட்டிலும் ஒரே சமயத்தில் பானை காலியாகிறது. நகரங்களில் விலை ஏறினால் அரசு ஏற்றுமதிக்குத் தடை போடுகிறது.

மூன்று முறை தடை

2019 செப்டம்பர் 29ந் தேதி ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. அடுத்த வாரம் டில்லி வந்த அன்றைய வங்கதேசப் பிரதமர் ஷேக் ஹசீனா, வெங்காயம் இல்லாமல் சமைக்கும்படி தம் சமையல்காரரிடம் சொல்லிவிட்டதாகத் தொழிலதிபர்கள் கூட்டத்தில் சிரித்தபடியே குறிப்பிட்டார். முன்கூட்டியே தெரிவித்திருக்கலாமே என்பதுதான் அவருடைய குறை. அந்த நவம்பரில் அங்கு கிலோ 200 டாக்காவைத் தாண்டியது. விமானத்தில் வெங்காயம் வரவழைக்க வேண்டிய நிலை ஏற்பட்டது.

2020 மார்ச்சில் தடை நீங்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 14ந் தேதி மறுபடியும் தடை வந்தது. ஏற்றிய சரக்குடன் லாரிகள் எல்லையில் நின்றன. சொல்லாமல் தடை போட்டது குறித்து வங்கதேசம் வருத்தம் தெரிவித்தது. வழியில் நின்ற சரக்கில் ஒரு பகுதியே பின்னர் விடப்பட்டது.

2023 ஆகஸ்டில் 40 சதவீத ஏற்றுமதி வரி விதிக்கப்பட்டது. டிசம்பர் 8ந் தேதி முழுத் தடை. நாசிக் மாவட்ட விவசாயிகள் ஏலத்தை நிறுத்தி, நெடுஞ்சாலையில் மறியல் செய்தனர். 2024 மே 4ந் தேதி தடை நீங்கினாலும் வரி தொடர்ந்தது. அது முற்றிலும் நீக்கப்பட்டது 2025 ஏப்ரல் 1ந் தேதிதான்.

அண்டை வீட்டார் கற்ற பாடம்

கடை அடிக்கடி மூடிக் கிடந்தால் வாடிக்கைக்காரர் என்ன செய்வார்? வேறு கடைக்குப் போவார். அல்லது தம் கொல்லையிலேயே பயிரிடுவார். வங்கதேசம் இரண்டையும் செய்தது. எகிப்து, துருக்கி, பாகிஸ்தான் நாடுகளிலிருந்து வாங்கியது. தன் விவசாயிகளுக்கு விதையும் உதவியும் கொடுத்துச் சாகுபடியைப் பெருக்கியது.

2023 மார்ச்சில், தன் விவசாயிகளின் அறுவடை விலை விழாமலிருக்க, வங்கதேசமே இந்திய வெங்காயத்துக்கு அனுமதி கொடுப்பதை நிறுத்தியது. அங்கு விலை ஏறிய பிறகு, ஜூனில்தான் வாசல் மீண்டும் திறந்தது. இலங்கையும் மாத்தளை, தம்புள்ளைப் பகுதிகளின் அறுவடைக் காலத்தில் பெரிய வெங்காயத்துக்கு இறக்குமதி வரியைக் கூட்டுவது வழக்கம். பூட்டு இரு பக்கமும் உண்டு என்பதை மறக்கலாகாது.

நகரத்து ஏழைக்கும் வெங்காயம் வேண்டும். ஆகவே அரசின் கவலையை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் விலை ஏறும்போது வாசலைப் பூட்டினால், விலை ஏற்றத்தின் பலன் விவசாயிக்குக் கிட்டாது. விலை இறங்கும்போது வாசலைத் திறந்தால், வாங்க ஆள் இருக்காது. இரண்டு நஷ்டமும் அவர் தலையில்தான் விழுகிறது. இரவோடு இரவாகத் தடை போடாமல், முன்னறிவிப்பும், ஏற்றிய சரக்குக்கு விலக்கும் கொடுத்தால் இந்தச் சுமை பெரிதும் குறையும்.

நம்மவர் கவனத்துக்கு

பெரம்பலூர், திண்டுக்கல், திருச்சி மாவட்டங்களின் சின்ன வெங்காயத்துக்கு இலங்கையிலும் மலேசியா, சிங்கப்பூரிலும் கிராக்கி உண்டு. தடை உத்தரவு பெரிய வெங்காயத்தோடு இதையும் பிடித்துக்கொள்கிறது. 2020 அக்டோபரில் பெங்களூர் ரோஸ், கிருஷ்ணபுரம் ரகங்களுக்குத் தலா 10,000 டன் சென்னைத் துறைமுகம் வழியே அனுப்ப விலக்கு கிடைத்தது. உத்தரவில் ரகத்தின் பெயர் இடம் பெற்றதால் வந்த பலன் அது. நம் விவசாயிகள் சங்கங்களும் உற்பத்தியாளர் குழுக்களும் இதைக் கேட்டுப் பெற முயல வேண்டும்.

வீட்டளவில் செய்யக் கூடியவையும் உண்டு. ஆகஸ்டு முதல் டிசம்பர் வரை ஏற்றுமதி பற்றிய செய்திகளைத் தவறாமல் கவனிப்பது நல்லது. ஏற்றுமதி விலையை நம்பி முழு இருப்பையும் ஒரே நாளுக்காகப் பிடித்து வைக்காமல், மூன்று நான்கு தவணையாக விற்கலாம். அறுவடைக்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்தி, தாள் காய்ந்த பிறகு பிடுங்கி, நிழலில் உலர்த்திப் பட்டறை போட வேண்டும். அடியில் காற்று புக இடம் விட வேண்டும். நன்கு காய்ந்த வெங்காயம் சில மாதங்கள் காத்திருக்கும். அதற்குள் வாசல் திறந்தாலும் திறக்கலாம்.

எல்லை வாசலின் சாவி விவசாயி கையில் இல்லை. பட்டறையின் சாவியாவது அவர் கையில் இருக்கட்டும்.