மாற்றிய ஸ்டார்ச் ஆகுமானதா?

சூப், சாஸ் உறைகளில் ‘1412’, ‘1422’ போன்ற எண்களைக் காண்கிறோம். இவை வேதிமுறையில் மாற்றிய ஸ்டார்ச்சின் வகைகள். இஸ்லாமிய உணவுச் சட்டப்படி இவை ஆகுமானவையா என்னும் ஐயம் பலருக்கு எழுகிறது.

நஞ்சும் போதையும் இல்லாத தாவர உணவு ஆகுமானது (ஹலால்) என்பது பொதுவிதி. ஸ்டார்ச்சோ மக்காச்சோளம், மரவள்ளி, உருளைக்கிழங்கு ஆகியவை சேமித்து வைக்கும் மாவுப்பொருள். சோளமாவைக் கரைத்துக் காய்ச்சினால் கெட்டியாகும். ஆனால், புளிப்புடன் நெடுநேரம் கொதித்தால் நீர்த்துவிடும். இக்குறையைப் போக்க, அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைப் பாஸ்பேட் போன்றவற்றால் ஆங்காங்கே பிணைக்கிறார்கள். இதில் விலங்குப் பொருள் இல்லை. எனவே, இது அடிப்படையில் ஆகுமானதே.

‘1405’ என்னும் வகை மட்டும் சற்றே வேறு. இது நொதிகளால் மாற்றப்படுவது. ஸ்டார்ச்சைச் சிதைக்கும் அமிலேஸ் நொதி பெரும்பாலும் பாக்டீரியா, பூஞ்சைகளிலிருந்து கிடைக்கிறது. பன்றியின் கணையத்திலும் அது உண்டு. விலக்கப்பட்டவற்றிலிருந்து பெறும் சேர்க்கைப் பொருள்களும் விலக்கப்பட்டவையே எனக் கோடெக்ஸ் ஆணையத்தின் 1997ஆம் ஆண்டு ஹலால் நெறிமுறைகள் கூறுகின்றன. நொதியின் பிறப்பிடத்தை எண் சொல்லாது. அதைத் தயாரிப்பாளரிடம் கேட்டறியலாம்; ஹலால் சான்று உள்ளதா என்றும் பார்க்கலாம். எண்ணைக் கண்டதுமே அஞ்சத் தேவையில்லை.