இரண்டு அடுப்பு, மூன்று ஆர்டர்

பெங்களூரு ஸ்ரீராம்புரம் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர் கேட்டார்: "டிரைவரே இல்லாத கார்னு சொல்றாங்களே, குறுக்கே ஒரு புள்ள ஓடி வந்தா அது எப்படிப்பா பிரேக் போடும்?"

ஒரு டீயை இரண்டாகப் பிரித்துத் தரும் 'பை டூ' சொல்லிவிட்டு உட்கார்ந்தோம்.

"பாத்துடும்ண்ணா. பாத்ததை எத்தனை நேரத்துல முடிவா மாத்துதுங்கறதுதான் விஷயம்."

30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் 83 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். கணக்கு சரியாக வந்தும் கெடு தாண்டி வந்தால் அது தப்பான விடைதான். 'ரியல் டைம்' என்று இத்துறையில் சொல்வது வேகத்தை அல்ல, கெடு தவறாமையை.

"அப்போ நாலு கம்ப்யூட்டரைச் சேர்த்து வச்சா போச்சு" என்றார். இன்றைய சிப்புக்குள் பல கோர்கள், அதாவது தனித்தனியே கணக்குப் போடும் பகுதிகள், இருப்பதே அதற்காகத்தான். ஆனால் அடுப்பைக் கூட்டினால் மட்டும் போதாது. கடையைக் காட்டியே சொன்னேன்.

இரண்டு அடுப்பு, ஒரே நேரத்தில் மூன்று ஆர்டர். டீ இரண்டு: ஒவ்வொன்றுக்கும் 1 நிமிட வேலை, 10 நிமிடத்துக்குள் தந்தால் போதும். இன்னொன்று ஒரு குண்டான் பால்: காய்ச்ச 10 நிமிடம், கெடு பத்தரை நிமிடம். யாருடைய கெடு முந்தியதோ அவருக்கு முதலில் என்று மாஸ்டர் வைத்துக்கொண்டால், இரண்டு அடுப்பிலும் டீ ஏறும். பால் ஒரு நிமிடம் கழித்து ஏறி 11ஆம் நிமிடம் இறங்கும். கெடு போயிற்று. பாலுக்கு ஓர் அடுப்பைக் கொடுத்துவிட்டு, மற்றதில் இரண்டு டீயையும் அடுத்தடுத்துப் போட்டிருந்தால் மூன்றும் நேரத்துக்கு வந்திருக்கும். அடுப்பு இருபது, டீ இருபது, பால் ஒன்று என்றாலும் இதே கதிதான். ஒற்றை அடுப்பில் இதைவிட நல்ல விதியே கிடையாது. அடுப்பு கூடியதும் அதுவே காலை வாருகிறது. சுதர்சன் தல், சி. எல். லியு இருவரும் 1978இல் காட்டியது இது.

டீ வந்தது. அதுவே அடுத்த பாடமும். ஒரே வேலையைப் பங்கு போடுவதும் பை டூ தானே? கேமரா படத்தை நாலு துண்டாக்கி நாலு கோரிடம் கொடுக்கலாம். ஆனால் நாலு பேர் வெங்காயம் நறுக்கும்போது மூவர் முடித்தாலும் நாலாமவர் முடிக்காமல் தாளிக்க முடியாது.

கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, பிட்ஸ்பர்க் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான ராஜ் ராஜ்குமாரை இங்கே சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. கார்த்திக் லட்சுமணன், ஷின்பே காட்டோ ஆகியோரோடு 2010இல் அவர் எழுதிய கட்டுரையின் யோசனை எளிமையானது: பிரிக்க முடிகிறது என்பதற்காகவே பிரிக்காதே. ஒரு கோரின் நேரம் கெடுவரை நிரம்பும்படி முக்கிய வேலையை நீட்டு. அதில் அடங்காத மிச்சத்தை மட்டும் மற்ற கோர்களுக்குக் கொடு. நறுக்குபவர்கள் ஒருவருக்காக ஒருவர் காத்திருப்பது அந்த அளவுக்குக் குறைகிறது. 2013இல் அவருடைய குழு இந்த வழியைத் தானோட்டிக் காருக்கே பொருத்திப் பார்த்தது. அதே ஆண்டு அவர்களுடைய காடிலாக் கார் பிட்ஸ்பர்க் விமான நிலையம் வரை 33 மைல் தானே ஓடியது.

"அந்த ஊர் ரோடு வேற, நம்ம ஊர் வேறப்பா" என்றார் அண்ணன்.

அவர் தொட்டது உண்மையான சிக்கலை. எத்தனை பொருள்கள் கண்ணில் படுகின்றனவோ அத்தனைக்கு வேலையும் நீளும். அட்டவணை போடுபவருக்குச் சராசரி நேரம் உதவாது; ஒரு வேலை மிஞ்சிப்போனால் எவ்வளவு இழுக்கும் என்பது தெரிய வேண்டும். அதை ஆளில்லாத நெடுஞ்சாலையில் அளந்துவிட்டு இந்தத் தெருவுக்கு வர முடியாது.

அண்ணன் டம்ளரை வைத்துவிட்டுத் தெருவைப் பார்த்து எண்ணத் தொடங்கினார்: தள்ளுவண்டி ரெண்டு, ஸ்கூட்டர் அஞ்சு, மாடு ஒண்ணு, பள்ளிக்கூடம் விட்ட புள்ளைங்க…