ஆபீஸ் உல்லாசப் பயணமா? ஒரு யோசனை!

உங்கள் காரியாலயத்தில் வருஷத்துக்கு ஒரு முறை எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு எங்காவது போவது உண்டா? "டீம் பில்டிங்" என்று அதற்கு இப்போது பெயர். கயிறு இழுப்பார்கள்; சங்கீத நாற்காலி விளையாடுவார்கள்; பிரியாணிப் பொட்டலமும் உண்டு. சாயங்காலம் அந்த இடத்தில் மிஞ்சுவது என்ன? எச்சில் தட்டும் தண்ணீர்ப் பாட்டிலும்தான்! மறுநாள் மானேஜர் பழைய மானேஜர், குமாஸ்தா பழைய குமாஸ்தா.

மும்பை வெர்ஸோவா கடற்கரையில் நடந்ததைக் கேளுங்கள். 2015 அக்டோபரில் அப்ரோஸ் ஷா என்ற இளம் வக்கீல், 84 வயதான அண்டை வீட்டுப் பெரியவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அங்கே குப்பை பொறுக்க ஆரம்பித்தார். வாரா வாரம் தொடர்ந்தது. மீனவர், மாணவர், சினிமா நட்சத்திரம் என்று கை கொடுக்கப் பலரும் சேர்ந்தார்கள். 2018 மார்ச்சில் அந்த மணலிலிருந்து ஆமைக் குஞ்சுகள் கடலை நோக்கி ஓடின! ஒரே நாள் வேடிக்கையாக முடிந்திருந்தால் இது நடந்திருக்குமா?

சூட்சுமம் அதுதான். ஊரெல்லாம் சுற்ற வேண்டாம். பக்கத்தில் ஒரு கடற்கரையோ, குளக்கரையோ, பள்ளிக்கூடத் தோட்டமோ பார்த்துக்கொண்டு மாதம் ஒரு முறை அங்கேயே போகலாம். குப்பையை யார் எடுத்துப் போவார்கள் என்று நகரசபையில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கையுறை, மக்குவதற்கும் மக்காததற்கும் தனித் தனிப் பை, நிழல், குடிதண்ணீர், பெண்களுக்குக் கழிப்பிட வசதி இவ்வளவும் அவசியம். தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கப், தட்டுகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. ஆகவே எவர்சில்வர் டம்ளரும் வாழை இலையும் போதும்.

ஒரே ஒரு நிபந்தனை: ஞாயிற்றுக்கிழமை வேண்டாம்! வீட்டில் துணி மலைபோல் குவிந்திருக்க, "கட்டாயம் வாருங்கள்" என்றால் எந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வரும்? சம்பளத்தோடு கூடிய வேலை நாளில் இரண்டு மணி நேரம் ஒதுக்கட்டும். மானேஜரும் கூடவே குனியட்டும். ஒரே சாக்கின் இரு முனையையும் பிடித்துத் தூக்கிய இருவர், மறுநாள் பைலைத் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்த பயணத்துக்கு ஆபீசில் யோசனை கேட்டால், தயங்காமல் இதைச் சொல்லிப் பாருங்களேன்!