மேட இராசி எங்கே தொடங்குகின்றது?

ஏப்ரல் மாதம் பிறந்ததும் ரொறன்ரோவில் வாழும் நம் இல்லங்களில் ஒரு வினா எழுவது வழக்கம்: புத்தாண்டு 13ஆந் திகதியா, 14ஆந் திகதியா? யாழ்ப்பாணத்து வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நேரத்தைக் கூறும். திருக்கணித பஞ்சாங்கம் வேறொரு நேரத்தைக் கூறும். அந்நேரத்திலிருந்து ஒன்பதரை மணியைக் கழித்தால் நம் நகரத்து நேரம் கிடைக்கும். கழிப்பது எளிது, எதிலிருந்து கழிப்பது என்பதே சிக்கல். "சூரியன் ஒன்றுதானே, அது எப்படி இரண்டு நேரங்களில் மேட இராசிக்குள் புகும்?" என்று பிள்ளைகள் கேட்கின்றார்கள். நியாயமான கேள்வி. இதற்கு விடை காணப் புகுந்தால், சாதகக் கணிதத்தின் அத்திவாரம் வரை செல்லவேண்டியிருக்கின்றது.

சூரியன் ஓராண்டில் விண்மீன்களிடையே சுற்றிவருவதாகத் தோன்றும் பாதை ஒரு வட்டம். அஃது 360 பாகை. அதனைப் பன்னிரண்டாகப் பிரித்தால் ஓர் இராசிக்கு 30 பாகை. இருபத்தேழாகப் பிரித்தால் ஒரு நட்சத்திரத்துக்கு 13 பாகை 20 கலை. ஆனால் வட்டத்துக்குத் தொடக்கம் இல்லை. எங்கோ ஓரிடத்தில் முளையடித்து, இதுவே மேடத்தின் முதற்பாகை என்று நாமே கூறவேண்டும். மேலைநாட்டுச் சோதிடர், மார்ச் 20 அல்லது 21ஆந் திகதி பகலும் இரவும் சமமாகும் வேளையில் சூரியன் நிற்கும் புள்ளியில் அம்முளையை அடித்தனர். நம் முன்னோரோ விண்மீன்களைப் பற்றி நின்றனர்.

இவ்விரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. பூமியின் அச்சு, சுழலும் பம்பரம்போல மெல்லத் தள்ளாடுகின்றது. ஒரு தள்ளாட்டம் முடிய ஏறக்குறைய 26,000 ஆண்டுகள் செல்லும். அதனால் சமபகற் புள்ளி 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை வீதம் விண்மீன்களிடையே பின்வாங்குகின்றது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் ஹிப்பார்க்கஸ் இதனைக் கண்டறிந்தார். அவருக்குத் துணைநின்றது நம் சித்திரை நட்சத்திரமே! ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன்னர் அளக்கப்பட்ட அதன் இடம் இரண்டு பாகை மாறியிருந்தது. சமபகற் புள்ளிக்கும் நம் மேடத்தின் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட தூரமே அயனாம்சம் எனப்படும். திருக்கணித முறைப்படி இன்று அது 24 பாகைக்குச் சற்று மேல். ஆங்கிலப் பத்திரிகை மேடம் என்று கூறும் பிள்ளையை வீட்டில் அம்மம்மா மீனம் என்பதன் காரணம் இதுவே. தை முதல் நாளில் உத்தராயணம் பிறப்பதாக நாம் பொங்கலிடும்போது, டிசம்பர் 21 அல்லது 22இலேயே சூரியன் வடக்கே திரும்பிவிட்டிருப்பதும் இதனாலேயே.

சரி, விண்மீன்களைப் பற்றி நிற்பது என்றால் எந்த விண்மீனை? சூரிய சித்தாந்தம் என்னும் பழைய வடமொழி நூல் சித்திரையை 180ஆம் பாகையில் வைக்கின்றது. ரேவதியை வட்டத்தின் முடிவுக்குப் பத்துக் கலை முன்னால் வைக்கின்றது. ஆகவே சித்திரைக்கு நேரெதிரே தொடங்கினாலும், ரேவதியை அடுத்துத் தொடங்கினாலும் இடம் ஏறக்குறைய ஒன்றாகவே இருத்தல் வேண்டும். ஆனால் வானம் நூலுக்கு இணங்கவில்லை. ரேவதி என்று பலர் கொள்ளும் மங்கலான விண்மீனிலிருந்து அளந்தால், சித்திரையிலிருந்து அளப்பதைவிட ஏறத்தாழ நான்கு பாகை வேறுபடுகின்றது. அதனைக் கடக்கச் சூரியனுக்கு நான்கு நாட்கள் வேண்டும்.

இந்திய அரசின் விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி மன்றம் 1952இல் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு ஒன்றை அமைத்தது. தலைவர் பௌதிக அறிஞர் மேகநாத சாகா, செயலாளர் என். சி. லாகிரி. நாடெங்கும் முப்பதளவான பஞ்சாங்க முறைகள் வழங்கியதைக் கண்ட குழு, 1955இல் தன் அறிக்கையை அளித்தது. சித்திரைக்கு எதிர்ப்புள்ளியை அடிப்படையாகக் கொண்டு, 1956 மார்ச் 21இல் அயனாம்சம் 23 பாகை 15 கலை என வரையறுத்தது. லாகிரி அயனாம்சம் என்று இன்று வழங்குவது இதுவே. ஒரு நாட்டுக்கு ஒரு முறை வேண்டும் என்பதற்காகச் செய்த தெரிவு அது. தொலைநோக்கியிற் கண்ட எல்லைக்கோடு அன்று. பெங்களூர்ச் சோதிட அறிஞர் பி. வி. இராமன் அதனை ஏற்காது, ஏறக்குறைய ஒன்றரைப் பாகை குறைந்த அயனாம்சத்தையே கையாண்டார்.

வாக்கிய பஞ்சாங்கத்தின் கதை வேறு. அதன் ஆண்டு, விண்மீன்களை ஒட்டிய உண்மையான ஆண்டைவிட மூன்று நிமிடங்களுக்குச் சற்றுக் கூடியது. மூன்று நிமிடந்தானே என்று எண்ணலாம். 1,500 ஆண்டுகளில் அது மூன்றரை நாளாகிவிடும். தொலைநோக்கி இல்லாத காலத்தில் இவ்வளவு நெருங்கி வந்தவர்களை நாம் வியக்கவே வேண்டும். அதற்காக, அவர்கள் கணக்கை இன்று திருத்தக்கூடாது என்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

ஒன்றரைப் பாகையால் என்ன வந்துவிடும்? சந்திரன் ஒரு நாளில் 13 பாகை அளவில் நகர்வதால், ஒன்றரைப் பாகை என்பது இரண்டரை மணி நேரத்துக்கும் மேல். ஒரு நட்சத்திரத்தின் நீளத்தில் ஒன்பதிலொரு பங்கு. அந்த இடைவெளியில் பிறந்த பிள்ளைக்கு ஒரு கணக்கில் அத்தம், மற்றொரு கணக்கில் சித்திரை. ஒன்பது பிள்ளைகளில் ஒருவருக்கு இவ்வாறு இரண்டு நட்சத்திரங்கள் வாய்க்கும்! கோயில் அர்ச்சனையில் எதைச் சொல்வது என்பது சிறு தடுமாற்றம். திருமணப் பேச்சில் பொருத்தம் இல்லையென்று ஒரு நல்ல சம்பந்தம் கைவிடப்படுவது சிறிதன்று. கணினி அச்சிடும் சாதகங்கள் பாகை, கலை, விகலை வரை எண்களைத் தருகின்றன. ஒரு பாகைக்கு 3,600 விகலை. தொடக்கப் புள்ளியிலேயே நான்கு பாகை வழக்கு இருக்க, விகலைக்குக் கணக்கு எழுதுவதில் என்ன பயன்? சோதிடத்தை நம்புவோர், இரண்டு சாதகங்களை ஒப்பிடுமுன் அவை ஒரே அயனாம்சத்தில் கணிக்கப்பட்டனவா என்றேனும் கேட்டறிதல் நன்று.

மாணவச் செல்வங்கள் மே மாத இரவில், பத்து மணிக்குப் பின்னர், சப்தரிஷி மண்டலத்தின் வால் வளையும் வழியே பார்வையைச் செலுத்துங்கள். முதலில் செம்மஞ்சள் நிறச் சுவாதி தோன்றும்; அதே வளைவில் மேலும் சென்றால், தெற்கே நீலவெண்மையாய்ச் சித்திரை தோன்றும். யாழ்ப்பாணத்தில் உச்சிக்கு அண்மையில் நிற்கும் அது, இங்கே அதில் ஏறக்குறைய பாதி உயரத்திலேயே நிற்கும். பின்னர் நவம்பரில், இரவு ஒன்பது மணியளவில், மேடம் தொடங்குவதாகக் கூறப்படும் இடத்தைத் தெற்கு வானில் தேடுங்கள். அங்கே ஒளிமிக்க விண்மீன் எதுவும் இல்லை. ரேவதியோ இந்நகரத்து விளக்கொளியில் கண்ணுக்கே தெரியாது.